இடது பக்கம் உக்காந்தா ஆளே இல்லாத மாதிரி இருக்காரு – ஒரு வாசகிக்கு பதில்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயசு. ஏழு வாரத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சு, மூளையோட வலது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருச்சுன்னு சொன்னாங்க. இடது கை கால் வராம இருந்துச்சு, இப்ப பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் நடக்குறாரு. பேச்சு தெளிவா இருக்கு, பழைய கணக்கெல்லாம் கரெக்டா சொல்றாரு. ஆனா தட்டுல வலது பாதிய மட்டும் சாப்பிட்டுட்டு இன்னும் வைன்னு கேக்குறாரு, ஷேவ் பண்ணா ஒரு கன்னம் அப்படியே கிடக்கு, இடது பக்க நிலைப்படில மோதிக்கிட்டே இருக்காரு. நான் இடது பக்கம் உக்காந்து பேசுனா வலது பக்கம் திரும்பி பதில் சொல்றாரு. கண் டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னுட்டாரு. என் மாமியார் "அவனுக்கு உன் மேல கோவம், கண்டும் காணாத மாதிரி இருக்கான்"னு சொல்றாங்க. அவர்கிட்டயே கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல, நீதான் இல்லாதத கிளப்புற"ன்னு சண்டைக்கு வர்றாரு, வண்டி சாவி வேற கேக்குறாரு. இது சரியாகுமா? கண்ணாடி மாத்துனா சரியாகுமா? நான் அவருக்கு எந்தப் பக்கம் உக்காரணும்? ஒருத்தர் இடதுங்கறாங்க, இன்னொருத்தர் வலதுங்கறாங்க.

பதில்:

சகோதரி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல ஒண்ண சொல்லிடுறேன். உங்க வீட்டுக்காரர் உங்கள ஒதுக்கல. நான் ஸ்ட்ரோக் வந்தவங்களோட பல வருஷமா வேல பாக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது சாப்பிடுறது, உடுத்துறது மாதிரி தினசரி வேலைகள திரும்பப் பழக்கி விடுற ஆளு, நீங்க எழுதுன தட்டு, கன்னம், நிலைப்படி, இந்தப் பக்கம் கூப்பிட்டா அந்தப் பக்கம் திரும்புறது, இது நாலும் தனித்தனி பிரச்சினை மாதிரி தெரிஞ்சாலும் நாலுக்கும் வேர் ஒண்ணாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். லெட்டர வச்சு நான் நோயை முடிவு பண்ண முடியாது, அத நேர்ல டெஸ்ட் பண்ணித்தான் சொல்லணும், ஆனா வலது மூளை ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இப்படி இருந்தா முதல்ல மனசுக்கு வர்றது நெக்லெக்ட்ங்கற நிலைமதான், அதாவது மூளை ஒரு பக்கத்த கவனத்துக்கே எடுத்துக்காம போறது.

இந்த நெக்லெக்ட்ட தமிழ்ல புறக்கணிப்புன்னு மொழிபெயர்க்குறாங்க, எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது, குடும்பத்துக்காரங்ககிட்ட நான் அத சொல்றதே இல்ல. ஏன்னா நம்ம பேச்சுல புறக்கணிக்கிறதுன்னா தெரிஞ்சே பண்றது. ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சு, பார்த்தும், வேணும்னே விடுறது. உங்க மாமியார் சொன்ன "கண்டும் காணாத மாதிரி"யும் அதேதான். இங்க நடக்குறது வேற, இவருக்கு காணாம போனதே தெரியல.

இத எப்படி புரிஞ்சுக்குறதுன்னா, இத படிக்கும்போது உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குற இடத்த நினைச்சுப் பாருங்க. அங்க இருட்டா தெரியுதா? இல்லல்ல? இருட்டும் இல்ல, வெளிச்சமும் இல்ல, அந்த இடம் உங்க பார்வைல இல்லவே இல்ல, அது இல்லையேன்னு உங்களுக்கு ஒரு குறையும் தோணல, பார்வை முழுசாத்தான் இருக்குன்னு உக்காந்திருக்கீங்க. அவருக்கு இடது பக்கம் இப்ப அப்படி ஆகிப்போச்சு. கறுப்பு திரை போட்ட மாதிரி இருந்திருந்தா அவரே "இந்தப் பக்கம் மறைக்குது"ன்னு சொல்லியிருப்பாரு, தலைய திருப்பிப் பார்த்திருப்பாரு. திரையே இல்ல, அதனால திருப்பணும்னு தோணவே தோணாது.

கண் டாக்டர் சொன்னதும் தப்பில்ல. கண்ணு பாக்குது, நரம்பு வழியா தகவல் பின் மூளைக்குப் போகுது, ஆனா வந்த தகவல்ல எத எடுத்துக்கணும், எத விடணும்னு பாக்குற வேல வேற இடத்துல நடக்குது, முக்கியமா காதுக்கு மேல கொஞ்சம் பின்பக்கமா இருக்குற பரைட்டல் பகுதி, அதோட டெம்போரல் பகுதி வந்து சேர்ற இடம், சில பேருக்கு முன் மூளை, தலாமஸ்னு உள்ள இருக்குற பகுதிகளும் கூட. அங்க அடிபட்டா கண்ணு நல்லா இருந்தும் ஒரு பக்கம் மனசுக்கு வந்து சேராது. கண் பரிசோதனைல எழுத்து படிக்கச் சொல்லி பவர் பாக்குறதுல இது தெரியாது.

ஆனா ஒண்ணு கேட்டு தெரிஞ்சுக்கோங்க, அவருக்கு விஷுவல் ஃபீல்ட் டெஸ்ட், அதாவது நேரா பாக்கும்போது சுத்தி எந்தெந்தப் பக்கம் பார்வை இருக்குன்னு பாக்குற டெஸ்ட், பண்ணாங்களா? ஸ்ட்ரோக்ல பார்வை நரம்புப் பாதையும் சேர்ந்து அடிபட்டா ரெண்டு கண்ணுலயும் இடது பாதி பார்வை போயிடும், அத ஹெமியனோப்பியான்னு சொல்றோம். அதுவும் நெக்லெக்ட்டும் வெளில இருந்து பாத்தா ஒரே மாதிரி இருக்கும், சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். பார்வை மட்டும் போனவங்க பெரும்பாலும் கொஞ்ச நாள்ல அத புரிஞ்சுக்கிட்டு தலைய திருப்பித் திருப்பி பாக்க ஆரம்பிச்சுடுவாங்க, நெக்லெக்ட் இருக்குறவங்களுக்கு அந்தத் தேவையே தோணாது. எது எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான் பயிற்சிய சரியா போட முடியும்.

நாங்க பாக்குற ஒரு சின்ன டெஸ்ட் இருக்கு. நோயாளிக்கு எதிர்ல உக்காந்து என் மூக்கப் பாருங்கன்னு சொல்லிட்டு ரெண்டு கையையும் விரிச்சு வச்சுக்குவோம். அவங்களுக்கு இடது பக்கம் இருக்குற விரல மட்டும் ஆட்டுனா "அசையுது"ன்னு சொல்லுவாங்க, வலது மட்டும் ஆட்டுனா அதையும் சொல்லுவாங்க, ரெண்டையும் ஒரே நேரத்துல ஆட்டுனா "வலது மட்டும்"னு சொல்லுவாங்க. இப்பதான் தெரிஞ்ச இடது விரல் வலதுக்கு போட்டி வந்ததும் காணாம போயிடுது. இதுக்கு எக்ஸ்டிங்க்ஷன்னு பேரு. கண்ணு குருடா இருந்தா தனியா ஆட்டும்போதே தெரிஞ்சிருக்காது. இத நினைவுல வச்சுக்கோங்க, வீட்ட எப்படி மாத்துறதுன்னு சொல்லும்போது இதுக்கு திரும்ப வருவேன்.

ஏன் பெரும்பாலும் வலது மூளை அடிபட்டா இடது பக்கம் இப்படி மோசமா போகுதுன்னா, நரம்பியல்ல ரொம்ப நாளா சொல்ற விளக்கம் ஒண்ணு இருக்கு. கவனத்த பொறுத்தவரைக்கும் ரெண்டு பாதி மூளையும் சமமா வேல பாக்குறதில்ல, இடது மூளை பெரும்பாலும் வலது பக்கத்த மட்டும் பாத்துக்குது, வலது மூளை ரெண்டு பக்கத்தையும் பாத்துக்குது. இடது மூளைல அடிபட்டா வலது மூளை ஓரளவு சமாளிச்சுடும், அதனால அவங்களுக்கு இது வந்தாலும் பொதுவா லேசா வந்து சீக்கிரம் குறையும். வலது மூளைல அடிபட்டா இடது பக்கத்துக்கு காவலே இல்லாம போயிடுது. அதோட விடுறதில்ல, நல்லா இருக்குற இடது மூளை கவனத்த வலது பக்கமாவே இழுத்துக்கிட்டு இருக்கும். நீங்க இடது பக்கம் இருந்து பேசுனா அவர் வலது பக்கம் திரும்பி பதில் சொல்றதுக்கு இதான் காரணம். குரல் காதுல விழுது, பேசுறது யாருன்னும் தெரியுது, ஆனா திரும்புறதுக்கு அவருக்கு இருக்குற பக்கம் ஒண்ணுதான்.

இது கண்ணு சம்பந்தப்பட்டது இல்லங்கறதுக்கு 1978ல இத்தாலில மிலன் நகரத்துல எடுவார்டோ பிசியாக்கும் கிளாடியோ லுசாட்டியும் செஞ்ச ஒரு ஆராய்ச்சிய விட நல்ல சாட்சி எனக்குத் தெரிஞ்சு இல்ல. நெக்லெக்ட் இருந்த ரெண்டு பேர்கிட்ட, ரெண்டு பேருமே மிலன்காரங்க, அந்த ஊரு பெரிய தேவாலயத்துக்கு முன்னாடி இருக்குற சதுக்கத்த மனசுல நினைச்சு சொல்லச் சொன்னாங்க. முதல்ல தேவாலயத்தப் பாத்து சதுக்கத்தோட மறுமுனைல நிக்கிறதா நினைச்சுக்கோங்கன்னாங்க, வலது பக்க கட்டடங்களத்தான் சொன்னாங்க, இடது பக்கம் கிட்டத்தட்ட விட்டே போச்சு. அப்புறம் இப்ப தேவாலய வாசல்ல நின்னு இந்தப் பக்கம் பாக்குறதா நினைச்சுக்கோங்கன்னதும், கொஞ்சம் முன்னாடி விட்டுப்போன கட்டடங்கள எல்லாம் சொல்றாங்க, முன்னாடி சொன்னத எல்லாம் விட்டுடுறாங்க. ஞாபகம் பத்திரமா இருக்கு, கண்ணுக்கு அங்க வேலையே இல்ல, மனசுக்குள்ள இருக்குற படத்துலயே இடது பாதி கிடைக்கல. இதுக்கு எந்தக் கண்ணாடியப் போடுறது சொல்லுங்க. அதனால கண்ணாடி மாத்துற செலவு வேணாம், பழைய பவர்ல குறை இருந்தா அதுக்கு மட்டும் மாத்துங்க.

மூளை அடிபடும்போது "பாக்குறது"ங்கற ஒரே வேல எத்தன துண்டா பிரியும்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும். 1909ல ஹங்கேரி டாக்டர் ருடால்ஃப் பாலின்ட் ரெண்டு பக்க பரைட்டல் பகுதியும் அடிபட்ட ஒருத்தரப் பத்தி எழுதுனாரு, அவரால ஒரு நேரத்துல ஒரு பொருளத்தான் பாக்க முடிஞ்சுது, பக்கத்துல இன்னொண்ணு இருந்தாலும் தட்டுப்படாது. 1983ல ஜெர்மனில ஒரு பெண்ணப் பத்தி எழுதுனாங்க, அவங்களுக்கு அசைவு மட்டும் தெரியாது, கோப்பைல ஊத்துற டீ உறைஞ்சு நிக்கிற மாதிரி தெரியும், எப்ப நிறுத்தணும்னு தெரியாது. இதுக்கு நேர்மாறா 1917ல ஜார்ஜ் ரிடாக்ங்கற டாக்டர், முதல் உலகப் போர்ல பின்தலைல குண்டடிபட்டு ஒரு பக்க பார்வை போன சிப்பாய்கள்ல சில பேருக்கு அந்தக் குருட்டுப் பக்கத்துலயும் ஏதோ அசையுறது மட்டும் புலப்படுதுன்னு எழுதி வச்சாரு. கண்ணுல படுறதுக்கும் "நான் பாத்தேன்"னு ஒருத்தருக்கு தெரியுறதுக்கும் நடுவுல இவ்வளவு தூரம் இருக்கு, உங்க வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்குறது அந்த நடுவழில.

இப்ப உங்கள ரொம்ப வருத்துற விஷயத்துக்கு வர்றேன், அவர் ஒத்துக்க மாட்டேங்குறது. எங்ககிட்ட வந்த ஒரு பெரியவருக்கு ஒரு பேப்பர் கொடுத்தேன், முழுக்க சின்னச் சின்ன கோடு சிதறி இருக்கும், எல்லா கோட்டையும் குறுக்க அடிங்கன்னு பேனாவக் கொடுத்தேன். நல்ல கவனமா, அவசரமே இல்லாம, வலது ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு நடுவு வரைக்கும் ஒரு கோடு விடாம அடிச்சாரு. பேனாவ மூடி வச்சுட்டாரு. "எல்லாம் முடிஞ்சுதா அய்யா?"ன்னேன். "பாருங்க, ஒண்ணு விடல"ன்னாரு, குரல்ல ஒரு திருப்தி. நான் ஒண்ணும் சொல்லாம அந்தப் பேப்பர தலைகீழா திருப்பி வச்சேன், இப்ப அடிக்காத பாதி வலது பக்கம் வந்துருச்சு. அவர் கொஞ்ச நேரம் பாத்துட்டு "இது வேற பேப்பர், அது நான் முடிச்சுட்டேனே"ன்னாரு. அவர் பொய் சொல்லல. அவர் கைல இருந்த சாட்சிய வச்சுப் பாத்தா நான்தான் பேப்பர மாத்துன ஆளு.

உங்க வீட்டுக்காரர் "நீதான் இல்லாதத கிளப்புற"ங்கறதும் இதேதான். தனக்கு வந்திருக்குற குறை தனக்கே தெரியாத நிலைமைக்கு 1914ல பிரான்ஸ் டாக்டர் ஜோசப் பாபின்ஸ்கி அனோசக்னோசியான்னு பேர் வச்சாரு. சில பேரு செயலிழந்த கைய கூட நல்லாத்தான் இருக்குன்னுவாங்க, அரிதா "இது என் கையே இல்ல"ன்னு கூட சொல்றவங்க உண்டு. உண்மைய ஏத்துக்க மனசு வராம மறுக்குறது வேற, அதுக்கு ஆறுதல் சொல்லலாம், எடுத்துச் சொல்லலாம். இதுல குறைய கண்டுபிடிக்க வேண்டிய இடமே அடிபட்டுப் போச்சு. அதனால வாக்குவாதத்துல நீங்க ஜெயிக்கவே முடியாது, தயவு செஞ்சு அந்தச் சண்டைய விட்டுடுங்க. வேலைக்கு வந்த புதுசுல நானும் நோயாளிங்கள உக்கார வச்சு விளக்கி விளக்கி நம்ப வைக்கப் பாத்திருக்கேன், அதுல அவங்களுக்கு என் மேல நம்பிக்கை போனதுதான் மிச்சம். ஆனா பேச்சால புரியாதது சில நேரம் கையால புரியும். தட்டு பாதி காலி ஆனதும் "நீங்க விட்டுட்டீங்க"ன்னு சொல்லாம, அவர் கைய மெதுவா பிடிச்சு தட்டோட இடது ஓரம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. சாப்பாடு விரல்ல தட்டுப்படும்போது அவரே ஆச்சரியப்படுவாரு. அந்த ஆச்சரியம் தினமும் ரெண்டு மூணு தடவ நடக்கட்டும், "ஓ, அங்கயும் ஒரு பக்கம் இருக்கு போல"ங்கறது அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா வரும்.

இன்னொண்ணும் சொல்லணும், இது உங்களுக்கு கொஞ்சம் தெம்பா இருக்கும். 1988ல ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நெக்லெக்ட் இருந்த ஒரு பெண்ணுக்கு ரெண்டு வீட்டோட படத்த மேலயும் கீழயுமா காட்டுனாங்க. ஒரு வீட்டுல இடது பக்கம் தீப்பிடிச்சு எரியுது, மத்தபடி ரெண்டும் ஒண்ணு. வித்தியாசம் இருக்கான்னா இல்லவே இல்ல, ரெண்டும் ஒண்ணுதான்னாங்க. சரி, எதுல குடியிருப்பீங்கன்னா, ஒரே மாதிரி இருக்குறதுல எதுன்னு கேக்குறீங்களேன்னு சலிச்சுக்கிட்டாங்க, ஆனாலும் பெரும்பாலான தடவ எரியாத வீட்டத்தான் காட்டுனாங்க. தெரியலன்னு வாய் சொன்ன பக்கத்துல இருந்தும் ஏதோ ஒண்ணு உள்ள போயிருக்கு. அதனால அவர் இடது பக்கம் நீங்க உக்காந்து கைய பிடிச்சுக்கிட்டு இருக்குற நேரம் வீணாப் போகுதுன்னு நினைக்காதீங்க.

சரி, எந்தப் பக்கம் உக்காருறது. ரெண்டு பேரும் சொன்னதுல நியாயம் இருக்கு, விஷயம் என்னன்னா எந்த நேரத்துக்கு எந்தப் பக்கங்கறதுதான். அவசரத்துக்கு தேவைப்படுறது எல்லாம் வலது பக்கம் இருக்கணும். தண்ணி, போன், கூப்பிடுற மணி, ராத்திரி எழுந்திரிக்கிற வழி. அவர் களைச்சுப் போயிருக்கும்போது, முக்கியமான விஷயம் பேசும்போது, மருந்து கொடுக்கும்போது வலது பக்கமோ நேர் எதிர்லயோ இருங்க. மத்த நேரத்துல, குறிப்பா காலைல தெளிவா இருக்கும்போது, பேச்ச நேர் எதிர்ல இருந்து ஆரம்பிச்சு, அவர் கண்ணு உங்க மேல பதிஞ்சதும் பேசிக்கிட்டே கொஞ்சம் கொஞ்சமா இடது பக்கமா நகருங்க. கண்ணு உங்கள விட்டுடுச்சுன்னா நில்லுங்க, அவர் இடது கைல மெதுவா தட்டி "இங்க இருக்கேன்"னு சொல்லி திரும்ப வைங்க, திரும்ப கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்த நேரத்த அவருக்கு கொடுங்க. முதல் நாளே ஓரமாப் போய் உக்காந்துக்கிட்டு அவரா திரும்பட்டும்னு காத்திருந்தா ரெண்டு பேருக்கும் மனசு உடைஞ்சுதான் போகும்.

முன்னாடி சொன்ன விரல் டெஸ்ட்ட இங்க ஞாபகப்படுத்திக்கோங்க, வலது பக்கம் போட்டி இருந்தா இடது பக்கம் அழிஞ்சுடும். அதனால பயிற்சி நேரத்துல வலது பக்கம் டிவி ஓடக்கூடாது, ஜன்னல் திறந்து வெளில ஆளு நடமாட்டம் தெரியக்கூடாது, இன்னொருத்தர் உக்காந்து பேசக்கூடாது. நாற்காலிய வலது பக்கம் வெறும் சுவர் வர்ற மாதிரி போடுங்க. ரொம்ப சின்ன மாத்தம், ஆனா எனக்கு இதுல நல்ல நம்பிக்கை உண்டு, டிவிய அணைச்ச உடனே இடது பக்கம் ரெண்டு அங்குலம் கூடுதலா பாக்குறவங்கள நான் நேர்லயே பாத்திருக்கேன்.

படிக்கிறதுல என்ன ஆகுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? வரியோட இடது பாதி விட்டுப் போகுறதோட, ஒரு வார்த்தைக்குள்ளயே முன் பாதி விட்டுப் போகும், "தலைவலி"ய "வலி"ன்னு படிப்பாங்க, 150ன்னு இருக்குறத 50ன்னு படிப்பாங்க. மருந்துச் சீட்டையும் பேங்க் பேப்பரையும் இப்ப அவர் தனியா படிச்சு முடிவு பண்ண விடாதீங்க, பக்கத்துல நின்னு நீங்களும் ஒரு தடவ படிங்க. பயிற்சிக்கு, பக்கத்தோட இடது ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் பட்டையா ஒரு சிவப்பு கோடு போட்டு, ஒவ்வொரு வரிக்கும் "சிவப்பு தெரியுற வரைக்கும் திரும்புங்க, அப்புறம் படிங்க"ன்னு சொல்லுங்க. இது புதுசு இல்ல, 1970கள்ல இருந்தே பண்ற முறை, கலங்கரை விளக்கு வெளிச்சம் சுத்தி வர்ற மாதிரி தலையையும் கண்ணையும் ஓரத்துல இருந்து ஓரத்துக்கு கொண்டு போகச் சொல்லிக் கொடுக்குறதும் இதோட சேர்ந்ததுதான். இதே சிவப்ப தட்டோட இடது விளிம்புலயும் இடது நிலைப்படிலயும் டேப்பா ஒட்டுங்க. ஒட்டிட்டா மட்டும் போதாது, அத தேடச் சொல்லி பழக்கணும், தானா கண்ணுல படாது.

இடது கைல கொஞ்சமாவது அசைவு இருந்தா அதுவும் உதவும். வேல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இடது கைய மேஜையோட இடது பக்கத்துல வச்சு விரல நாலு தடவ அசைக்கச் சொல்லுங்க, அடிபட்ட கை அடிபட்ட பக்கத்துலயே அசையும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் விழிச்சுக்குது. இன்னொரு விஷயம், நெக்லெக்ட்ல தூக்கக் கலக்கமும் விழிப்பும் ரொம்ப பெரிய பங்கு வகிக்குது. 1998ல வந்த ஒரு ஆராய்ச்சில, இடது பக்கம் நடக்குறது இவங்களுக்கு வலதுல நடக்குறத விட கிட்டத்தட்ட அரை செகண்ட் தாமதமா உணர்வுக்கு வருதுன்னும், அதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கொடுத்து உஷார்ப்படுத்துனா அந்தத் தாமதமே கொஞ்ச நேரத்துக்கு மறையுதுன்னும் காட்டுனாங்க. வீட்டுல இதுக்கு மேஜைய ஒரு தட்டு தட்டி அவர் பேரச் சொல்லி கூப்பிட்டா போதும். ராத்திரி சரியா தூங்காம இருந்தா, காய்ச்சல் யூரின் இன்ஃபெக்ஷன்னு ஏதாவது இருந்தா, இதெல்லாம் மோசமாத் தெரியும், அன்னிக்கு அவர விட்டுடுங்க. நேத்து நல்லா பண்ணவர் இன்னிக்கு பண்ணலன்னா பிடிவாதம்னு நினைக்க வேண்டாம்.

பாதுகாப்பு விஷயத்த சுருக்கமா சொல்லிடுறேன், ஆனா இதுல விட்டுக் கொடுக்காதீங்க. இடது கை நாற்காலிக்கு வெளில தொங்குதா, கதவுல மாட்டுதா, சூடான பாத்திரத்துல படுதான்னு நீங்கதான் பாக்கணும், அவருக்குத் தெரியாது. தூக்கி விடும்போது இடது கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தோள்பட்டை இறங்கிடும். சட்டை போடும்போது இடது கைய முதல்ல நுழைக்கிற பழக்கம் வைங்க. ஷேவ் பண்ணும்போது கண்ணாடில பாத்து பண்ணு பண்ணுன்னு சொல்றத விட, வலது கையால கன்னத்த தடவித் தடவி பாக்கச் சொல்லுங்க, சொரசொரப்பு கைக்குத் தெரியும். வண்டி சாவி இப்ப வேணவே வேணாம். இடது பக்கத்துல இருந்து ஒரு குழந்தை ஓடி வந்தா அவருக்கு அந்தக் குழந்தையே இருக்காது. ஆனா மறுக்குற வேலைய நீங்க உங்க தலைல போட்டுக்காதீங்க, தினமும் சண்டையாகும், அவரோட நரம்பியல் டாக்டர் வாயாலயே "நான் டெஸ்ட் பண்ணி சொல்ற வரைக்கும் ஓட்டக்கூடாது"ன்னு சொல்ல வச்சு சீட்டுல எழுதி வாங்கிடுங்க.

சரியாகுமான்னு கேட்டீங்க. ஏழு வாரங்கறது இன்னும் ஆரம்பம்தான், தானா வர்ற முன்னேற்றம் முதல் மூணு மாசத்துலதான் அதிகம், அதுக்கப்புறமும் வரும் ஆனா மெதுவா வரும். நிறைய பேருக்கு நல்லாவே குறையுது, சில பேருக்கு மிச்சம் தங்கிடுது, எவ்வளவு தங்கும்னு இப்ப யாராவது உறுதியா சொன்னா நம்பாதீங்க. ஆன்டன் ரேடர்ஷைட்னு ஒரு ஜெர்மன் ஓவியர், 1967ல அவருக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு, அதுக்கப்புறம் மாசக்கணக்கா தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைஞ்சாரு. ஆரம்பத்துல வரைஞ்சதுல காகிதத்தோட இடது பாதி கிட்டத்தட்ட காலி, முகமே பாதிதான் இருக்கும். போகப் போக ஒரு கண்ணு வருது, கன்னம் வருது, கோடு இடது ஓரம் வரைக்கும் போகுது. இது எந்த வேகத்துல திரும்புதுன்னு யாராவது கேட்டா நான் அந்தப் படங்களத்தான் நினைச்சுப்பேன்.

கண்ணாடின்னு நீங்க கேட்டதுல ஒரு விதிவிலக்கு சொல்லணும். ப்ரிஸம் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கு, பாக்குறத எல்லாம் 10 டிகிரி வலது பக்கமா தள்ளிக் காட்டும். அத மாட்டிக்கிட்டு எதிர்ல இருக்குற புள்ளிய விரலால தொடச் சொன்னா முதல்ல வலது பக்கமா தப்பா தொடுவாங்க, பல தடவ பண்ணப் பண்ண கை தானா இடது பக்கமா திருத்திக்கும், கண்ணாடிய கழட்டுன அப்புறமும் அந்த இடது பக்க சாய்வு கொஞ்ச நேரம் தங்கும். 1998ல பிரான்ஸ்ல ஈவ் ரொசெட்டி குழு இதுல நெக்லெக்ட் குறையுறதையும் அது ரெண்டு மணி நேரமாவது நிக்கிறதையும் காட்டுனாங்க, அதுக்கப்புறம் வந்த ஆராய்ச்சிகள்ல சிலது நல்லா இருக்குன்னுது, சிலது பெருசா பலன் இல்லன்னுது. இது தெரபிஸ்ட் முன்னாடி பண்ற பயிற்சி, எப்பவும் மாட்டிக்கிற கண்ணாடி இல்ல, நீங்களா வாங்கிக் கொடுக்காதீங்க. அடுத்த தடவ போகும்போது டாக்டர்கிட்ட நெக்லெக்ட்டுக்குன்னு தனியா டெஸ்ட் பண்ணணும், ஃபீல்ட் டெஸ்ட்டும் வேணும், ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதிக் கொடுங்கன்னு இந்த மூணையும் கேளுங்க. திடீர்னு புதுசா பேச்சு குழறுனாலோ, கை கால் இன்னும் இழுத்தாலோ, ஃபிட்ஸ், கடுமையான தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம்னு எதுவந்தாலும் அப்பாயின்ட்மென்ட் பாக்காம உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

உங்க மாமியார்கிட்ட நீங்க விளக்க வேண்டாம், ஏற்கனவே நீங்க எவ்வளவோ சுமக்குறீங்க. ஒரு வெள்ளை பேப்பர்ல முப்பது நாப்பது சின்னக் கோடு இங்கயும் அங்கயுமா அவங்க கையாலயே போடச் சொல்லுங்க, அவங்களே மகன் முன்னாடி நேரா வச்சு, பேனாவ வலது கைல கொடுத்து, எல்லாத்தையும் அடிப்பான்னு சொல்லட்டும். நீங்க அந்த ரூம்லயே இருக்க வேண்டாம், உங்க மேல கோவம்னுதான அவங்க நினைக்கிறாங்க, அம்மா கொடுத்த பேப்பர் மேல அவருக்கு என்ன கோவம் இருக்கப் போகுது. அவர் பேனாவக் கீழ வச்சுட்டு முடிஞ்சுதும்மான்னு சொல்லும்போது அவங்க அந்த இடது பாதிய பாக்கட்டும். அவர்கிட்ட தப்புன்னு சொல்ல வேண்டாம், சரிப்பான்னு வாங்கிக்கிட்டு, பேப்பர் பின்னாடி தேதிய எழுதி வைங்க, பதினஞ்சு நாளுக்கு ஒண்ணு போதும். டாக்டர்கிட்ட போகும்போது எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, அடிச்ச கோடு எந்த இடம் வரைக்கும் நகர்ந்திருக்குன்னு அதுலயே தெரிஞ்சுடும்.